‘சீ’ என்பது பெயரல்ல

என் தாயார் பிறப்பால் சீனர், வளர்ப்பால் தமிழர். மலேசியாவில் இதைக் கேட்டு யாரும் பெரிதாக வியப்படைய மாட்டார்கள். பேராக், சிலாங்கூர் மாநிலங்களின் பழைய தோட்டத்துக் குடும்பங்களில் தேடினால், சேலை கட்டி, குங்குமம் வைத்து, மாரியம்மனுக்குத் தீச்சட்டி ஏந்திய ஒரு சீனப் பிள்ளை ஏதாவது ஒரு கிளையில் இருப்பார். அப்பா காலமாகி முதல் திவசம் முடிந்த வாரத்தில், தமது எழுபத்திரண்டாம் வயதில், அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “என்னைப் பெத்தவ பேரு என்ன? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு.” அந்தக் கேள்விக்கு விடை காண எனக்கு 26 மாதங்களும் ஏறத்தாழ 9,000 மலேசிய வெள்ளியும் (ரிங்கிட்) ஆயின. அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் என் அறியாமைக்குக் கட்டிய தண்டம். சீனக் குடியேறிகள் எப்படிப் பெயர் வைத்தார்கள், எங்கே யாரைப் புதைத்தார்கள், எதைக் கல்லில் வெட்டினார்கள் என்பதை முன்பே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், ஆறு மாதத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை இது. என்னைப் போன்ற சீனப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம், அம்மாவை வளர்த்த பாட்டியின் மைலோ டப்பாவுக்குள் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்த ஒரு பிறப்புப் பத்திரம். 1950 ஆகஸ்டில் பிறந்த பெண் குழந்தை; குழந்தையின் பெயர் ‘யோக்’ என்று தொடங்கியது; தந்தையின் குடும்பப் பெயர் ‘இங்’; தாயின் பெயர் என்ற இடத்தில் ‘லீ சீ’. பிறந்த இடமாக ஊர்ப் பெயர் இல்லை, பேராக்கின் ஈப்போவுக்குத் தெற்கே செல்லும் சாலையின் ஒரு மைல் கல் எண் மட்டுமே இருந்தது. பாட்டி பின்னாளில் அம்மாவைத் தம் சொந்தப் பிள்ளையாகவே பிந்திப் பதிவு செய்து, தமிழ்ப் பெயரில் இன்னொரு பத்திரம் வாங்கியிருந்தார். அந்த இரண்டாவது பத்திரத்தால்தான் பள்ளிக்கூடம், அடையாள அட்டை, திருமணம் எல்லாம் நடந்தன. ஒரே ஆளுக்கு இரண்டு பிறப்புப் பத்திரங்கள் என்பதை வெளியே சொன்னால் ஏதாவது சிக்கல் வருமோ என்ற அச்சத்தில், முதல் இரண்டு மாதங்கள் நான் அந்தக் காகிதத்தை யாருக்கும் காட்டவே இல்லை. அம்மாவிடம் மட்டும், “உங்களைப் பெற்றவர் பெயர் லீ சீ” என்று பெருமையோடு சொன்னேன். அம்மாவின் முகம் சுருங்கியது. “சீ-ன்னு ஒரு பேரா?” என்று கேட்டுவிட்டு, அடுக்களைக்குள் போய்விட்டார்.

1950ஆம் ஆண்டைப் பற்றி அப்போது எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. சீன நாட்காட்டியில் அது புலி ஆண்டு. புலி ஆண்டில் பிறக்கும் பெண் குழந்தை பெற்றோருக்கு ஆகாது என்ற நம்பிக்கை பல குடும்பங்களில் இருந்தது. ஆனால் நம்பிக்கை ஒன்றினாலேயே பிள்ளைகள் கைமாறியதாகச் சொல்வது பாதிக் கதைதான். 1930களின் தொடக்கத்தில் ஈய விலை வீழ்ந்தபோது லம்பங்களில் (ஈயச் சுரங்கங்களில்) வேலையிழந்த சீனர்கள், காட்டோரத்தில் மரவள்ளியும் காய்கறியும் பயிரிட்டுப் பன்றி வளர்த்துப் பிழைத்தார்கள். ஜப்பானியர் ஆட்சியின்போது பட்டினிக்கும் படுகொலைக்கும் அஞ்சி இன்னும் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1948இல் அவசரகாலம் பிறந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு இந்தக் காட்டோரத்து மக்களிடமிருந்து அரிசியும் செய்தியும் போகின்றன என்று கருதிய ஆங்கிலேய அரசு, 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி அவர்களை லாரிகளில் ஏற்றி முள்வேலிக்குள் குடியமர்த்தியது. அப்படி எழுந்தவைதாம் ‘புதுக்கிராமங்கள்’. ஏறத்தாழ 450 கிராமங்களில் 5 லட்சம் பேர் அளவில் அடைக்கப்பட்டனர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். அடுத்த மாதம் எங்கே இருப்போம் என்று தெரியாத ஒரு குடும்பத்துக்கு, ஏற்கெனவே வாய்கள் பல இருக்கையில், புலி ஆண்டில் ஒரு பெண் பிறந்தது. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிள்ளையில்லாத தமிழ்த் தம்பதியர் இருந்தார்கள். தமிழர்கள் பெண் குழந்தையை அன்பாக வளர்ப்பார்கள் என்ற பேச்சும் அக்காலச் சீனரிடையே இருந்தது. தேடலில் இறங்குமுன் இந்தப் பின்னணியைப் படித்திருந்தால், சாலையோர மைல் கல் எண்ணைப் பார்த்தவுடனே, ‘இந்த இடத்து மக்கள் எந்தப் புதுக்கிராமத்துக்கு மாற்றப்பட்டார்கள்’ என்ற சரியான கேள்வியைக் கேட்டிருப்பேன். நான் அதைக் கேட்பதற்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது.

என் முதல் தவறு ‘இங்’ என்ற குடும்பப் பெயரில் தொடங்கியது. நான் கிள்ளானில் வசிக்கிறேன்; கிள்ளான் சீனர்களில் பெரும்பாலோர் ஹொக்கியன் மொழியினர். என்னுடன் வேலை செய்த ஒருவரின் குடும்பப் பெயரும் ‘இங்’ என்பதால், அவரிடமே பத்திரத்தின் நகலைக் கொடுத்தேன். அவர் நல்ல மனத்தோடு, தம் குலத்தார் சங்கம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ‘இங்’ என்றால் மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் எழுத்து. மாண்டரினில் அதே எழுத்து ‘ஹுவாங்’, கந்தோனியரிடையே ‘வோங்’. சங்கத்துப் பெரியவர்கள் என்னை மரியாதையாக நடத்தினார்கள், பழைய உறுப்பினர் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள், பினாங்கிலும் ஈப்போவிலும் இருந்த தம் கிளைகளுக்கு எழுதினார்கள். நானும் 500 வெள்ளி நன்கொடை கொடுத்தேன். எட்டு மாதங்கள் ஓடின. அவர்கள் மீது எந்தக் குறையும் இல்லை. கேட்டது நான், தவறான வாசலில் நின்று கேட்டதும் நான். ஏனெனில் கந்தோனியரும் ஹக்காவினரும் ‘இங்’ என்று உச்சரிப்பது முற்றிலும் வேறான ஓர் எழுத்தை. மாண்டரினில் ‘வூ’ என்றும் ஹொக்கியனில் ‘கோ’ என்றும் ஒலிக்கும் குடும்பப் பெயர் அது. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். இரண்டு குடும்பங்களுக்கும் எட்டாத தூரம்.

ஆகவே, முதலில் இதை மனத்தில் நிறுத்துங்கள். மலாயாவுக்கு வந்த சீனர்கள் ஒரே மொழி பேசிய ஒரே கூட்டம் அல்லர். ஹொக்கியன், கந்தோனிஸ், ஹக்கா, தியோச்சூ, ஹைனான் என்று வெவ்வேறு மொழி பேசியவர்கள், வெவ்வேறு துறைமுகங்களிலிருந்து கப்பலேறியவர்கள். அவர்கள் சொன்ன பெயரை, காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவர் ஏதோ ஒரு குமாஸ்தா. அவர் ஒரு தமிழராகக்கூட இருந்திருக்கலாம். அதனால் ஒரே எழுத்து ஹொக்கியனில் ‘தான்’ என்றும், கந்தோனிஸில் ‘சான்’ என்றும், ஹக்காவில் ‘சின்’ என்றும் மூன்று குடும்பப் பெயர்களைப் போலத் தோற்றமளிக்கும். குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சங்கத்துக்கும் போகாதீர்கள். பெயரின் மற்ற அசைகளைப் பாருங்கள். உண்மையான துப்பு அங்கேதான் இருக்கும். என் தாயாரின் பெயரில் இருந்த ‘யோக்’ என்பது பச்சைக்கல்லைக் குறிக்கும் சொல். அதையே ஹொக்கியன் குடும்பம் வைத்திருந்தால் ‘கியோக்’ என்றும், தியோச்சூ குடும்பம் வைத்திருந்தால் ‘கெக்’ என்றும் பதிவாகியிருக்கும். விடை முதல் நாளிலிருந்தே என் கையில் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவரிடம் நான் காட்டவில்லை.

இரண்டாவது தவற்றைச் சொல்வதற்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. சங்கத்தில் ஒன்றும் கிடைக்காமல் சோர்ந்திருந்த நேரத்தில், சீனாவிலுள்ள குலவரலாற்று ஏடுகளைத் தேடித் தருவதாகச் சொன்ன ஒருவரோடு இணையத்தின் வழியாகத் தொடர்பு ஏற்பட்டது. ஆயிரம் வெள்ளி முன்பணம், பிறகு ஆய்வாளரின் பயணச் செலவு, பிறகு அச்சுச் செலவு என்று மூன்று தவணைகளில் 3,800 வெள்ளி அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்துப் பட்டுத்துணி அட்டை போட்ட, கனமான ஒரு புத்தகம் அஞ்சலில் வந்தது. மஞ்சள் பேரரசர் என்ற தொன்ம நாயகரில் தொடங்கிப் பல நூறு பெயர்கள். கடைசிப் பக்கத்தில், என் பத்திரத்திலிருந்து எடுத்த தந்தையின் பெயர் மட்டும் வேறொரு மையில் ஒட்டியதுபோல இருந்தது. அதுவும் மஞ்சளைக் குறிக்கும் அந்தத் தவறான எழுத்தில். பின்னாளில் அதைப் பார்த்த ஒருவர், எந்தக் கடையிலும் கிடைக்கும் பொதுவான குலவரலாற்றின் படி அது என்றார். அம்மாவின் மடியில் அந்தப் புத்தகத்தை வைத்து, “இதோ உங்கள் வம்சம்” என்று நான் சொன்ன நாளை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

குலவரலாற்று ஏடுகள் உண்மையானவை. பல கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டு வருபவை. ஆனால் கிராமத்தின் பெயரும் பெயர்களின் சீன எழுத்தும் இல்லாமல் எந்த ஏட்டையும் யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அவை இரண்டையும் கேட்காமல் பணத்தைக் கேட்பவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. மரபான குலவரலாற்றில் மகள்களின் பெயர் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. பிற்காலப் பதிப்புகள் சிலவற்றில்தான் சேர்க்கிறார்கள். தத்துக் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணை அதில் தேடுவது, விதைக்காத வயலில் அறுவடைக்குப் போவதைப் போன்றது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு அம்மாவின் மேல் இரக்கத்தைவிட, அந்த ஏடுகளின் மேல் கோபமே அதிகம் வந்தது. நம் வீட்டுத் திவசத்தில் மூன்று தலைமுறை ஆண் வழியைச் சொல்லிப் பிண்டம் வைக்கும்போது எனக்கு ஏன் அந்தக் கோபம் வந்ததில்லை என்று பிறகு யோசித்தேன்.

திருப்பம் ஒரு காப்பிக்கடையில் நிகழ்ந்தது. அந்த மைல் கல் இருந்த சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டரில் ஒரு புதுக்கிராமம் இருந்தது. அம்மா வளர்ந்த தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டதால், வேறு எங்கே போவது என்று தெரியாமல்தான் ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையிலிருந்த, எண்பதைத் தாண்டிய முதியவர், சந்தை மலாயில் நான் யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார். பத்திரத்தை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உரக்கப் படித்தார். குழந்தையின் பெயரைப் படித்ததும், “கந்தோனிஸ்” என்றார், சற்றும் தயங்காமல். தாயின் பெயருக்கு வந்ததும் சிரித்துவிட்டார். ‘சீ’ என்பது பெயரே இல்லையாம். ‘இந்தக் குடும்பத்தில் பிறந்தவள்’ என்பதைக் குறிக்க, திருமணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயருக்குப் பின்னால் சேர்க்கும் சொல் அது. ‘லீ சீ’ என்றால் லீ வீட்டுப் பெண், அவ்வளவே. அக்காலத்துப் பத்திரங்களில் ஆயிரக்கணக்கான தாய்மார் இப்படித்தான் பதிவாகியிருக்கிறார்கள். சொந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஓராண்டுக்கும் மேலாக ‘சீ’ என்ற ஒலியைச் சுமந்துகொண்டிருந்த அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. “அப்போ அவ பேரு அது இல்லையா? நல்லதாப் போச்சு” என்றார்.

அந்தப் பெரியவர் அதன்பின் எனக்கு ஆசான் ஆனார். தேநீருக்குக்கூட என்னைக் காசு கொடுக்க விடவில்லை. சில வீடுகளின் வாசலுக்கு மேல் தொங்கும் மரப்பலகைகளைக் காட்டி, அவை அலங்காரம் அல்ல என்று விளக்கினார். ஒவ்வொரு குடும்பப் பெயருக்கும் அது தோன்றியதாகக் கருதப்படும் பழம்பதியின் பெயர் ஒன்று உண்டு. அதையே பலகையில் எழுதுவார்கள். மஞ்சள் எழுத்துக் குடும்பத்துக்கு ‘ஜியாங்ஷியா’, கந்தோனிய ‘இங்’ குடும்பத்துக்கு ‘யான்லிங்’. இவை மாண்டரின் உச்சரிப்புகள். பழைய பலகைகளை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதால், கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி அவற்றைத் தலைகீழாகப் படித்து உளறும். வேடிக்கை என்னவென்றால், ஆறு மாதங்களுக்கு முன் அந்த வழியே போனபோது அழகுக்காக நான் எடுத்த புகைப்படங்களில் ஒன்றில் ‘யான்லிங்’ பலகை தெளிவாக விழுந்திருந்தது. எழுத்து தெரியாவிட்டாலும் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். என்றோ ஒரு நாள் படிக்கத் தெரிந்தவர் கிடைப்பார்.

பெற்றோர் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்பதால், அடுத்து கல்லறையைத் தேடச் சொன்னார். மலாயாவின் சீன இடுகாடுகளும் வட்டாரவாரியாகப் பிரிந்தவை. ஹொக்கியன் இடுகாடு தனி, கந்தோனியர் உள்ளிட்ட குவாங்டோங் மாநிலத்தாரின் இடுகாடு தனி. கோலாலம்பூரின் குவோங் தோங் இடுகாடு 1895இல் தொடங்கப்பட்டது. பேராக்கிலும் அத்தகையவை உண்டு. முதல் ஆண்டில் நான் ஹொக்கியன் இடுகாடு ஒன்றில் இரண்டு நாள் வெயிலில் அலைந்து, நீரிழப்பால் மயங்கி விழுந்ததற்கு இந்த ஒரு தகவல் தெரியாததே காரணம். இடுகாட்டு அலுவலகங்களில் பதிவேடு இருக்கும், ஆனால் அது சீன எழுத்தில் இருக்கும். ஆங்கில எழுத்தில் பெயர் சொன்னால் அவர்களால் தேட முடியாது. தந்தையின் பெயருக்குப் பொருந்தக்கூடிய ஆறு எழுத்துக் கூட்டுகளைப் பெரியவர் என் குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தார். பதிவேட்டில் மூன்று பேர் பொருந்தினார்கள்.

சீனக் கல்லறைக் கல்லைப் படிப்பது ஒரு தனிக் கலை, ஆனால் அடிப்படையை ஒரு மணி நேரத்தில் கற்கலாம். நடுவில் பெரிய எழுத்தில் இறந்தவரின் பெயர். கணவன் மனைவி இருவரும் ஒரே கல்லில் இருக்கலாம். ஒரு பக்கத்தில் இறந்த நாள். மேலே அல்லது ஓரத்தில் பூர்விக மாவட்டத்தின் பெயர். மறுபக்கத்தில் மகன்கள், மருமகள்கள், மகள்கள், பேரர்கள். உடன்பிறந்தவர்களின் பெயரில் ஓர் எழுத்து பொதுவாக வரும். அதைக் கொண்டு தலைமுறையை அடையாளம் காணலாம். ஆண்டு, சீனக் குடியரசின் ஆண்டுக் கணக்கில் இருந்தால் அதோடு 1911ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். நான் கண்ட கல்லில் 60 என்று இருந்ததால், அவர் இறந்தது 1971இல். கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து, காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் படமெடுத்தால் மங்கிய எழுத்தும் நிழல் விழுந்து எழும்பித் தெரியும்.

மூன்று கல்லறைகளில் இரண்டு புல் மண்டிக் கிடந்தன. மூன்றாவதன் மேல் வெளுத்துப்போன வண்ணக் காகிதத் துண்டுகள் சில, சிறு கற்களின் அடியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஏப்ரல் 4 அல்லது 5இல் வரும் சிங்மிங் நாளையொட்டி, சீனர்கள் முன்னோரின் கல்லறையைத் துப்புரவாக்கிப் படையலிட்டு, மேட்டின் மேல் இப்படிக் காகிதம் வைத்துச் செல்வார்கள். இந்தக் கல்லறைக்கு வாரிசு இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். கல்லில் மூன்று மகன்களும் இரண்டு மகள்களும் இருந்தனர்; மகள்கள் இருவரின் பெயரும் ‘யோக்’ என்றே தொடங்கின. கந்தோனியப் பெண்களிடையே அது மிகச் சாதாரணமான பெயர் என்பதால் அதுவே முடிவான சான்றாகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனாலும் கால்கள் நடுங்கின. மனைவியின் பெயர் இருந்த இடத்தில், 1988 என்ற ஆண்டோடு, மறுபடியும் ‘லீ சீ’. கல்லிலும் அவருக்குப் பெயர் இல்லை.

பூர்விக மாவட்டமாகக் கல்லில் இருந்தது ‘சின்னிங்’. வரைபடத்தில் தேடினால் ஹூனான் மாநிலத்தில் ஒரு சின்னிங் வருகிறது. கந்தோனியருக்கும் ஹூனானுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு மாதம் குழம்பினேன். குவாங்டோங்கிலும் ஒரு சின்னிங் இருந்தது; பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்க 1914இல் அதைத் ‘தைஷான்’ என்று மாற்றினார்கள். ஆனால் கடல்கடந்து வந்தவர்கள் புறப்பட்டபோதிருந்த பெயரையே விடாமல் கல்லில் வெட்டினார்கள். அதேபோல் ‘ஷியாங்ஷான்’ என்று கண்டால் அது 1925க்குப் பின் ‘ஜோங்ஷான்’. தைஷான் என்று தெரிந்ததும் ஒரு பெரும் வரலாறே திறந்துகொண்டது. நான்கு மாவட்டங்கள் சேர்ந்த ‘சே யாப்’ பகுதியின் ஒரு பாகம் அது. நிலம் போதாமை ஒரு பக்கம், 1855 முதல் 1867 வரை உள்ளூராருக்கும் ஹக்காவினருக்கும் நடந்த கொடும்போர் ஒரு பக்கம் என்று அங்கிருந்து ஆண்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். கலிபோர்னியாவின் இரயில் பாதைக்குப் போனவர்களில் பெரும்பாலோரும் இவர்களே. பேராக்கின் லாரூட் ஈய வயல்களுக்காக 1861 முதல் 1874 வரை நடந்த சண்டைகளில் சின்னிங்காரர்களும் ஒரு தரப்பு; ஆங்கிலேயர் தலையிட்டுச் செய்த பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் அமைதி திரும்பி, 1880களில் ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கு பெரும் ஈயக் களமானபோது அங்கே குவிந்தார்கள். பள்ளியில் தேர்வுக்காக நான் மனனம் செய்த பங்கோர் உடன்படிக்கை, என் சொந்தத் தாத்தாவின் ஊராருக்கும் உரியதாக இருக்கும் என்று கனவிலும் எண்ணியதில்லை.

2024 மார்ச் நடுவில், சிங்மிங் கூட்டம் வருமுன், சீனத்திலும் மலாயிலும் எழுதிய ஒரு கடிதத்தை நெகிழிக்குள் வைத்து, கல்லறையின் ஓரத்தில் சிவப்புக் கயிற்றால் கட்டினேன். என் முதல் வரைவு, ‘என் தாயின் குடும்பத்தைத் தேடுகிறேன்’ என்று தொடங்கியது. காப்பிக்கடைப் பெரியவர் அதை அடித்துவிட்டு, ‘நாங்கள் நிலமோ பணமோ கேட்டு வரவில்லை’ என்பதை முதல் வரியாக்கினார். அது எவ்வளவு பெரிய அறிவுரை என்பது பிறகே புரிந்தது. ஏப்ரல் 7 அன்று இரவு தொலைபேசியில் அழைத்தவர் கல்லறைக்குரியவரின் பேரன். குரலில் அன்பைவிட எச்சரிக்கை மிகுந்திருந்தது. புதுக்கிராமத்து வீட்டுமனை பற்றி இரண்டு முறை கேட்டார். உரிமை எதுவும் கோரமாட்டோம் என்று எழுதித் தருவதாக நானே முன்வந்தேன். மரபணுச் சோதனை வேண்டும் என்றார். செலவைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். முடிவு வர ஏழு வாரங்கள் ஆயின. அம்மாவும், மூன்று மகன்களில் உயிரோடிருந்த கடைக்குட்டியும் முழு உடன்பிறப்புகள். சந்தேகப்படுகிறார்களே என்று புண்படாதீர்கள். எழுபது ஆண்டுகள் கழித்து ஒரு தமிழ்க் குடும்பம் நம் வாசலில் வந்து, ‘நான் உங்கள் அக்கா’ என்றால் நாமும் பத்திரத்தைத்தான் பூட்டி வைப்போம்.

சந்திப்பு அந்தப் புதுக்கிராமத்திலேயே நடந்தது. மாமாவுக்கு வயது 69. அக்கா ஒருத்தி கொடுக்கப்பட்டாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். மிதிவண்டி வைத்திருந்த கங்காணி ஒருவர் வந்து வாங்கிப் போனார் என்று அவருடைய தாயார் சொல்லியிருக்கிறார். அம்மாவை வளர்த்த என் தாத்தா அந்தத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர், அந்த மிதிவண்டியின் மணியை நானே சிறுவயதில் அடித்து விளையாடியிருக்கிறேன். அம்மாவுக்குத் தமிழும் சந்தை மலாயும் தெரியும்; மாமாவுக்குக் கந்தோனிஸும் அதே சந்தை மலாயும். ‘சாப்பிட்டீர்களா’, ‘கால் வலிக்கிறதா’ என்பதற்கு மேல் அந்த மலாய் நீளவில்லை. பெற்றவளின் பெயரை அம்மா கேட்டார். மாமா விழித்தார். “நாங்கள் ‘ஆ மா’ என்றுதான் கூப்பிடுவோம், அப்பா ‘ஏய்’ என்பார்.” எனக்குத் தலை சுற்றியது. இவ்வளவும் அலைந்து, பெற்ற மகனுக்கே தெரியாத ஒன்றையா தேடிக்கொண்டிருந்தோம்?

பழைய ஆவணம் ஏதேனும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு முறை கேட்டு நிறுத்தாதீர்கள். சீன வீடுகளிலும் ஒரு மைலோ டப்பா இருக்கும். நான் பல வாரங்கள், பழங்கள் வாங்கிக்கொண்டு போய்ப் போய்க் கேட்டேன். ஆகஸ்டு கடைசியில், முன்னோர் மாடத்துக்குக் கீழே ஒரு பிஸ்கட் தகரத்திலிருந்து மாமாவின் பேத்தி சில கடிதங்களைக் கண்டெடுத்தாள். கடல்கடந்த சீனர்கள் ஊருக்குப் பணத்தையும் கடிதத்தையும் ஒன்றாக அனுப்பும் வழக்கம் இருந்தது. பணம் சேர்ந்ததற்கு ஊரிலிருந்து பதில் கடிதம் வரும். அத்தகைய பணக் கடிதங்களின் தொகுப்பை யுனெஸ்கோ 2013இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. சீனப் பள்ளியில் படிக்கும் அந்தப் பிள்ளைக்குக்கூட அந்தப் பழைய சாய்வெழுத்து புரியவில்லை. தன் ஆசிரியையிடம் கொண்டுபோய் வரி வரியாகப் படித்து வந்தாள். கடிதம் 1950களில் தைஷானிலிருந்து, பெற்றவளின் அண்ணன் எழுதியது. 1937இல் கப்பலேறிய தங்கைக்கு. 1933இல் வந்த சட்டம் சீன ஆண்களின் வருகைக்குக் கட்டுப்பாடு விதித்தது. பெண்களுக்கு 1938 வரை அது பொருந்தவில்லை. அந்த இடைவெளியில் வந்திறங்கிய பல்லாயிரம் பெண்களில் அவர் ஒருவர். கிந்தாவின் ஆறுகளில் மரத்தட்டு ஏந்தி ஈய மணல் அலசியவர். இருபது வெள்ளி கிடைத்தது, கூரை மாற்றினோம் என்று எழுதிய அண்ணன், கடிதத்தின் முதல் வரியில் தங்கையைப் பெயர் சொல்லி அழைத்திருந்தார்.

பேத்தி அந்தப் பெயரை இரண்டு முறை வாசித்தாள். அம்மா திருப்பிச் சொன்னார். மாமா தலையை ஆட்டி மறுத்தார். கந்தோனிஸில் சுருதி மாறினால் சொல்லே மாறிவிடும், அம்மா சொன்னது ஏதோ ஒரு காய்கறியின் பெயராம். இரண்டாம் முறையும் சிரித்தார். மூன்றாம் முறை அம்மா கண்ணை மூடிக்கொண்டு, கோவிலில் பாடுகிற குரலில், மெல்ல மேலேற்றிச் சொன்னார். மாமா சிரிக்கவில்லை. சரி என்பதுபோல் தலையசைத்துவிட்டு, தாமும் ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.